மென்பொருளைத் திறக்காத ஐந்து வாரங்கள்: ஓவிய மாணவர்களுக்குச் சோதனை அனிமேஷன் கற்பிப்பது பற்றி

வெள்ளைத்திரை | திங்கள், இரவு 10:15

எல்லோருக்கும் வணக்கம். மாட்டுங்காவில் இருக்கிறேன். மும்பையில் ஓர் ஓவியக் கல்லூரியில் மூன்றாமாண்டு மாணவர்களுக்குச் சோதனை டிஜிட்டல் அனிமேஷனை விருப்பப் பாடமாக நடத்துகிறேன். மொத்தம் 14 வாரம், வாரத்துக்கு இரண்டு வகுப்பு, ஒவ்வொன்றும் மூன்று மணி நேரம். இந்தப் பருவத்தில் 22 பேர். ஓவியம், சிற்பம், அச்சுக்கலை என்று பல துறைகளிலிருந்து வந்திருக்கிறார்கள். அனிமேஷன் பக்கமே இதுவரை போகாதவர்கள்தான் அதிகம்.

என் வகுப்பில் முதல் ஐந்து வாரம் அனிமேஷன் மென்பொருள் எதையும் திறப்பதில்லை. போன் கேமரா, எடுத்த படங்களை வரிசையாக ஓட்டிக் காட்டும் ஒரு சின்னச் செயலி, அவ்வளவுதான். போன வாரம் துறைத் தலைவர் கூப்பிட்டு அனுப்பினார். இரண்டு பெற்றோர் கடிதம் எழுதியிருக்கிறார்களாம். "டிஜிட்டல் அனிமேஷன் என்று பாடத்துக்குப் பெயர் வைத்துவிட்டு, பிள்ளைகளைக் காசு நகர்த்தச் சொல்கிறார்கள்" என்பது புகார்.

காசு நகர்த்தச் சொன்னது உண்மை. முதல் வகுப்பிலேயே ஒரு ரூபாய் நாணயம் ஒன்றை மேசையின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு 24 படங்களில் கொண்டுபோகச் சொல்வேன். முதல் குழு எல்லா நகர்வையும் ஒரே அளவாக வைக்க வேண்டும். இரண்டாவது குழு தொடக்கத்திலும் முடிவிலும் நெருக்கமாகவும், நடுவில் அகலமாகவும் வைக்க வேண்டும். மூன்றாவது குழு மனம்போல வைக்கலாம். நொடிக்கு 12 படமாக ஓட்டினால் மூன்றுமே இரண்டு நொடிதான். ஆனால் முதல் நாணயத்தை யாரோ நூல் கட்டி இழுப்பதுபோல் இருக்கும். இரண்டாவது தானே யோசித்துக் கிளம்பி, தானே நின்றதுபோல் இருக்கும். மூன்றாவது எதையோ கண்டு மிரண்டதுபோல் ஓடும். நாணயம் அதேதான், மேசையும் அதேதான். மாறியது இடைவெளி மட்டும். இதை முதன்முறை பார்க்கும்போது 22 முகங்களும் ஒரே நேரத்தில் மாறும். அந்தக் கணத்துக்காகவே இந்த வேலையில் இருக்கிறேன் என்று சொல்வேன்.

கணினியில் முதல் நாளே தொடங்கினால் என்ன ஆகிறது? முதல் படத்தையும் கடைசிப் படத்தையும் வைத்தால், நடுவில் உள்ளதை மென்பொருள் தானே நிரப்பிவிடுகிறது. அதைப் பார்த்து மாணவர் திருப்தியாகிவிடுகிறார். நான் கற்பிக்க வந்ததே அந்த நடுப்பகுதியைத்தான்.

இரண்டு கேள்விகள். ஐந்து வாரம் அதிகமா? சோதனை முயற்சிக்கு மதிப்பெண் எப்படிப் போடுவது? கல்லூரி கொடுத்திருக்கும் படிவத்தில் "வேலையின் நேர்த்தி" என்று ஒரு கட்டத்துக்கு 40 மதிப்பெண் இருக்கிறது. எனக்குத் தூக்கம் வராமல் செய்வது அந்தக் கட்டம்தான்.

கோரேகாவ்காரன் | திங்கள், இரவு 11:40

மேடம், 16 வருடமாக அனிமேஷன் ஸ்டுடியோவில் இருக்கிறேன். புதியவர்களை வேலைக்கு எடுக்கும் மேசையிலும் உட்கார்ந்திருக்கிறேன். மனதில் பட்டதைச் சொல்கிறேன்.

உங்கள் நாணயப் பயிற்சி அருமையானது. எங்களிடம் வரும் பிள்ளைகளில் பலருக்கு எல்லாப் பொத்தானும் தெரியும். ஆனால் தாங்கள் செய்த உருவத்தின் கை ஏன் காற்றில் மிதக்கிறது என்று கேட்டால் பதில் வராது. எடை தெரியவில்லை, நேரம் தெரியவில்லை. அதை வேலைக்கு வந்த பிறகு கற்றுக்கொடுக்க எங்களுக்கு அவகாசம் கிடைப்பதில்லை.

ஆனாலும் ஐந்து வாரம் நீளம் என்றே நினைக்கிறேன். உங்கள் மாணவர்களில் பாதிப் பேராவது கல்விக் கடன் வாங்கிப் படிப்பவர்களாக இருப்பார்கள். கோப்புக்கு எப்படிப் பெயர் வைப்பது, அடுக்குகளை எப்படிப் பிரிப்பது, நொடிக்கு 24 பிரேம், அதாவது 24 படம், ஓடும் வேலையை 25 பிரேம் டைம்லைனில் போட்டால் ஒலி எப்படி விலகும் என்பதெல்லாம் கலை இல்லைதான். ஆனால் முதல் மாதச் சம்பளம் வருவது இதைத் தெரிந்தவர்களுக்கு. மூன்று வாரத்துக்குக் குறையுங்கள். மூன்றாவது வாரத்திலிருந்து பிளெண்டர் என்ற அனிமேஷன் மென்பொருளைப் பக்கத்திலேயே ஓடவிடுங்கள். இலவசம், வீட்டுக் கணினியிலும் ஓடும், அதிலேயே கிரீஸ் பென்சில் என்ற வரைகருவி இருப்பதால் ஓவிய மாணவர்கள் கோட்டை நேராகத் திரையில் போடலாம். 2025-இல் ஆஸ்கர் வாங்கிய லாட்விய அனிமேஷன் படம் "ஃப்ளோ" முழுக்க பிளெண்டரில் செய்ததுதான். பெற்றோருக்கு எழுதும் பதிலில் அதைச் சேர்த்துக்கொள்ளுங்கள், உதவும்.

நான்காம் ஈடு | செவ்வாய், காலை 6:05

நான் ஓவியக் கல்லூரி முடித்து மூன்று வருடம் ஆகிறது. இந்த டீச்சரிடம் படித்தவன் இல்லை. ஆனால் எனக்கும் இப்படி ஓர் ஆசிரியர் கிடைத்தார்.

எங்கள் வீடு தாராவியில். அப்பாவும் அம்மாவும் இட்லி வியாபாரம். அதிகாலை மூன்று மணிக்கு அடுப்பு எரியத் தொடங்கும், ஆறு மணிக்குள் அண்டா அண்டாவாக இட்லி வெளியே போய்விடும். நானும் தம்பியும் மூடியைத் தூக்கும் வேலை. கல்லூரியில் "உனக்கு நன்றாகத் தெரிந்த ஓர் அசைவைப் பத்து நொடிக்கு வரை" என்று சொன்னபோது, ஆவி என்று உடனே எழுதிக் கொடுத்துவிட்டேன். பிறந்ததிலிருந்து பார்ப்பதுதானே என்ற தைரியம்.

வரைந்தேன். டேப்லெட்டில் 12 படம், திரும்பத் திரும்ப ஓடும் லூப். ஆசிரியர் பார்த்துவிட்டு, "இது ஊதுபத்திப் புகை" என்றார். திரும்ப வரைந்தேன். "இது துணி காய்கிறது" என்றார். மூன்றாவது முறை எனக்கு அழுகையே வந்துவிட்டது. அவர் கோபப்படாமல், "நாளைக்கு மூடியைத் தூக்கும்போது மனதுக்குள் எண்ணு. ஆவி எப்போது எங்கே இருக்கிறது என்று மட்டும் குறித்துக்கொண்டு வா, படம் வேண்டாம்" என்றார்.

அன்று முதல் ஈட்டில் எதுவும் பிடிபடவில்லை. இரண்டாவதில் என் மூக்குக்கண்ணாடியை ஆவி மறைத்துவிட்டது. நான்காவது ஈட்டில்தான் பார்த்தேன். மூடி இரண்டு விரல் அளவு திறந்ததும் ஆவி மேலே போவதில்லை. பக்கவாட்டில், மூடியின் விளிம்பு முழுவதும், கைக்குப் பாய்கிறது. அதனால்தான் எங்கள் எல்லோருடைய மணிக்கட்டிலும் தழும்பு. பிறகு மூடி முழுதாக எழும்போது ஒரு பெரிய உருண்டை ஒரே மூச்சில் தலைக்கு மேல் போகிறது. அதற்குப் பிறகுதான் மெதுவான, நாம் "ஆவி" என்று வரைகிற அந்த வளைவுகள். மூடியின் உட்புறத்திலிருந்து தண்ணீர் ஒரு கோடாக வழிந்து இட்லித் துணியின் ஓரத்தில் சொட்டுகிறது. எல்லாம் சேர்ந்து மூன்று நொடி இருக்கலாம். அதில் நடப்பதில் முக்கால்வாசி முதல் அரை நொடியில் முடிந்துவிடுகிறது. நான் அந்த அரை நொடியை வரையவே இல்லை. மிச்ச இரண்டரை நொடியைத்தான் திரும்பத் திரும்ப வரைந்துகொண்டிருந்தேன்.

அடுத்த முறை முதல் ஆறு படங்களுக்கே ஒரு வாரம் எடுத்துக்கொண்டேன். ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவில் பெரிய தாவல், பிறகு தாவல் குறைந்து குறைந்து கடைசியில் காகித வெள்ளையில் கரைந்தது. வீட்டில் அம்மாவுக்குப் போட்டுக் காட்டினேன். அம்மா கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

அன்றைக்கு எனக்கு எந்த மென்பொருளும் புதிதாகத் தெரிந்துவிடவில்லை. இன்றைக்கு அந்தேரியில் ஒரு விளம்பர நிறுவனத்தில் மோஷன் டிசைனராக இருக்கிறேன். மென்பொருளை இணையத்தில் பார்த்து ஆறு மாதத்தில் கற்றுக்கொண்டேன். நான்காவது ஈட்டை யாரும் இணையத்தில் போடவில்லை. டீச்சர், ஐந்து வாரத்தைக் குறைக்காதீர்கள்.

செம்பூர் அப்பா | செவ்வாய், காலை 8:20

கடிதம் எழுதிய பெற்றோரில் நான் இல்லை. ஆனால் எழுதியிருக்கக் கூடியவன். மகள் இரண்டாமாண்டு ஓவியம் படிக்கிறாள். எனக்கு ஓவியம் தெரியாது, துறைமுகத்தில் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவன். பிள்ளை என்ன படிக்கிறாள் என்று உறவினர்கள் கேட்டால் சொல்லத் தெரிய வேண்டும், படித்து முடித்ததும் அவள் சொந்தக் காலில் நிற்க வேண்டும். இரண்டே கவலைதான். மேலே தம்பி எழுதியதைப் படித்துவிட்டு மகளிடமும் படிக்கக் கொடுத்தேன். ஒரே ஒரு வேண்டுகோள் டீச்சர். பிள்ளைகளுக்குச் சொல்வதை எங்களையும் ஒரு நாள் கூப்பிட்டுச் சொல்லுங்கள். அந்த நாணயத்தை எங்களுக்கும் ஓட்டிக் காட்டுங்கள்.

வெள்ளைத்திரை | செவ்வாய், காலை 9:02

ஐயா, இது எனக்குத் தோன்றவே இல்லை. தோன்றியிருக்க வேண்டும். இந்த மாதக் கடைசிச் சனிக்கிழமை பெற்றோரைக் கூப்பிடுகிறேன். அவர்களே நாணயத்தை நகர்த்தட்டும்.

நான்காம் ஈடு தம்பி, உங்கள் பதிவை மாணவர்களுக்கு வாசித்துக் காட்ட அனுமதி வேண்டும்.

புள்ளியும் கோடும் | செவ்வாய், இரவு 9:30

நான் ஐரோலியில் மென்பொருள் பொறியாளன். சனிக்கிழமைகளில் கலை மாணவர்களுக்கு நிரல் எழுதிப் படம் வரையக் கற்றுத்தருகிறேன். இந்த இழையில் ஒரு விஷயத்தோடு எனக்கு உடன்பாடு இல்லை. "முதலில் கை, பிறகு கணினி" என்று நீங்கள் பிரிக்கும்போது, கணினி என்பது கையால் செய்ததை வேகமாகச் செய்து தரும் கருவி என்று மாணவர் முடிவு கட்டிவிடுவார். பாடத்தின் பெயரில் சோதனை என்ற சொல் இருக்கிறது. டிஜிட்டல் என்ற சொல்லும் இருக்கிறது. அப்படியானால் கணினியையே கரித்துண்டைப்போல, களிமண்ணைப்போல ஒரு பொருளாக எடுத்துக் கையாள வேண்டாமா? அதை வளைத்தால் என்ன ஆகும், உடைத்தால் என்ன ஆகும் என்று பார்க்க வேண்டாமா?

அனிமேஷன் வரலாறே இதைத்தான் சொல்கிறது. அனிமேஷன் கலைஞர் ஜான் விட்னி அமெரிக்காவில், போர்க்காலத்து விமான எதிர்ப்புப் பீரங்கியைக் குறிபார்க்கச் செய்த இயந்திரக் கணிப்பொறியை, ராணுவம் கழித்துக்கட்டியபோது வாங்கி, அதைச் சுழல் வடிவங்கள் வரைய வைத்தார். அவர் அதைப் பென்சிலின் இடத்தில் வைக்கவில்லை. அந்த இயந்திரத்துக்கு மட்டும் வரும் அசைவைத் தேடினார்.

ஒரு பயிற்சி சொல்கிறேன். வீடியோவின் ஒவ்வொரு பிரேமிலிருந்தும் அதற்கு முந்தைய பிரேமைக் கழித்துவிட வேண்டும். நாலு வரி நிரல்தான். மாறாத இடமெல்லாம் கறுப்பாகும், மாறிய இடம் மட்டும் ஒளிரும். என் மாணவி ஒருத்தி தாதர் நிலைய நடைமேம்பாலத்தில் நின்று எடுத்த ஒரு நிமிட வீடியோவை அப்படிக் கழித்தாள். தூண், கூரை, பெஞ்சில் தூங்கியவர், கைக்குழந்தையோடு அசையாமல் நின்ற பெண் எல்லாரும் மறைந்துவிட்டார்கள். நடந்தவர்கள் மட்டும் மெல்லிய விளிம்புகளாகத் தெரிந்தார்கள். பெண்ணின் தோளில் குழந்தை தலையைத் திருப்பியது. இருட்டில் ஒரு சின்ன வளைவு மின்னி அணைந்தது. வகுப்பே நிமிர்ந்து உட்கார்ந்தது. இதைக் கையால் வரைந்து கண்டுபிடித்திருக்க முடியாது.

நம் ஊரிலேயே இதற்கு வேர் இருக்கிறது. சென்னை கிறித்துவக் கல்லூரியில் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் மூவரும் 1974-இல் கோலத்தை வைத்து, வடிவங்களைக் கணினிக்கு விதிகளாகச் சொல்லும் இலக்கணம் ஒன்றை ஆய்வுக் கட்டுரையாக எழுதினார்கள். நம் வாசலில் இருந்தது கணினி அறிவியலுக்குள் போயிற்று. ஓவியக் கல்லூரிகளில் இதைப் பற்றி ஒருவரும் பேசி நான் கேட்டதில்லை.

வெள்ளைத்திரை | புதன், அதிகாலை 12:25

நண்பரே, நீங்கள் சொல்வது சரி. நான் எழுதியதில் அந்தப் பிரிவு இருந்தது, என் வகுப்பிலும் இருக்கிறது. வலிக்கத்தான் செய்கிறது, ஆனால் ஒப்புக்கொள்கிறேன்.

இதையே இரண்டு பக்கமும் சேர்த்துக் காட்டும் ஒரு சம்பவம் சொல்கிறேன். போன வருடம் சயான் கோலிவாடாவிலிருந்து வந்த மாணவி ஒருத்தி, சிக்குக் கோலத்தை நிரலில் வரைந்தாள். ஏழு புள்ளி, ஒரே இழை. திரையில் கோடு தானாக வளைந்து வளைந்து போய்த் தொடங்கிய இடத்தில் முடியும். பிழையே இல்லை. ஆனால் பார்க்க எதுவும் தோன்றவில்லை. அவளுக்கே தெரிந்தது, "கம்ப்யூட்டர் கோலம் மாதிரி இருக்கிறது" என்றாள்.

பாட்டி கோலம் போடுவதை மேலிருந்து போனில் எடுத்துவரச் சொன்னேன். அதை நொடிக்கு 12 பிரேமாகப் பிரித்து, ஒவ்வொரு பிரேமிலும் பாட்டியின் விரல்நுனி இருக்கும் இடத்தில் ஒரு புள்ளி வைத்தாள். நேர்க்கோட்டில் புள்ளிகள் தள்ளித் தள்ளி விழுந்தன. வளைவில் நெருங்கி, கிட்டத்தட்ட ஒட்டிக்கொண்டன. ஓர் இடத்தில் ஒன்பது புள்ளிகள் ஒன்றன்மேல் ஒன்று. அங்கே பாட்டி கையில் மாவு தீர்ந்து, கிண்ணத்திலிருந்து அள்ளியிருக்கிறார். இழையை விட்ட இடத்திலேயே கட்டைவிரலைக் கொண்டுவந்து வைத்துத் தொடர்ந்திருக்கிறார்.

அந்த இடைவெளிகளை அப்படியே எடுத்து நிரலில் போட்டாள். அதே ஏழு புள்ளி, அதே இழை. இப்போது கோடு வளைவில் தயங்கியது, நேரான இடத்தில் ஓடியது, ஓரிடத்தில் நின்று மூச்சு வாங்கியது. வகுப்பில் ஒரு பையன், அவன் மராத்திக்காரன், "இது வயதானவர் போட்டதா?" என்று கேட்டான். திரையில் கையே இல்லை. வெறும் வெள்ளைக் கோடு.

அந்த ஒன்பது புள்ளிகளை நான் கணினி இல்லாமல் பார்த்திருக்க மாட்டேன். பாட்டி இல்லாமல் கணினிக்கும் அவை தெரிந்திருக்காது. இவ்வளவு நடந்தும் நான் ஏன் ஐந்து வாரம் கணினிக்குக் கதவைச் சாத்தி வைத்திருக்கிறேன் என்று இப்போது யோசிக்கிறேன்.

பழைய பிரிண்ட் | புதன், பிற்பகல் 3:10

வயது எழுபத்தெட்டு. பிலிம் லேபில் வேலை பார்த்தவன். இளைஞர்கள் பேசுவதைப் படிக்கும்போது மனம் நிறைகிறது. இந்த ஊரைப் பற்றி ஒரு சில விஷயங்களைச் சொல்ல வேண்டும். ஏனென்றால் உங்கள் மாணவர்கள் இதையெல்லாம் வெளிநாட்டுச் சரக்கு என்று நினைத்துக்கொண்டிருப்பார்கள்.

பெடர் ரோட்டில் மத்திய அரசின் ஃபிலிம்ஸ் டிவிஷன் இருந்ததே, அங்கே 1956-இல் கார்ட்டூன் பிரிவு தொடங்கியபோது டிஸ்னியில் வேலை செய்த கிளேர் வீக்ஸ் வந்து பயிற்சி கொடுத்தார். நம் நாட்டு அனிமேஷனின் முதல் தலைமுறை அங்கே உருவானது. ஆனால் அதே இடத்திலிருந்துதான் இயக்குநர் பிரமோத் பதியின் சோதனைப் படங்களும் வந்தன. அரசாங்க அலுவலகம். குடும்பக் கட்டுப்பாடு, விவசாயம், சேமிப்பு என்று பிரசாரப் படம் எடுக்கும் இடம். அங்கே இருந்துகொண்டு அவர் 1970களின் தொடக்கத்தில் ஓவியர் ஆபித் சுர்த்தியை ஓர் அறையில் நிற்க வைத்து, உயிருள்ள மனிதரையே பொம்மையைப்போல ஒவ்வொரு பிரேமாக நகர்த்திப் படம் எடுத்தார். பிக்ஸிலேஷன் என்பார்கள். உங்கள் நாணயப் பயிற்சிதான், நாணயத்துக்குப் பதிலாக மனிதர். பெற்றோர் கேட்டால் இதைக் காட்டுங்கள். இணையத்தில் கிடைக்கிறது.

அதே காலத்தில் ஓவியர் அக்பர் பதம்சீ நேரு ஃபெலோஷிப் பணத்தை வைத்துக்கொண்டு, மும்பையில் ஓவியர்களும் ஒளிப்பதிவாளர்களும் அனிமேஷன்காரர்களும் ஒன்றாக வேலை செய்ய ஒரு பட்டறை நடத்தினார். அவருடைய "சிஸிஜி" என்ற படம் 1970-இல் வந்தது. புள்ளி, கோடு, கணக்கு, வேறு எதுவும் கிடையாது. ஒலியும் கிடையாது. பிரேம்களாக ஓட வைக்க உதவியவர் அனிமேட்டர் ராம் மோகன். கணினி இல்லாமலே நிரல்போல யோசித்த படம் அது. புள்ளியும் கோடும் நண்பர் அவசியம் பார்க்க வேண்டும்.

ஜே.ஜே. கலைப் பள்ளியிலிருந்து அப்போதுதான் வெளிவந்த ஓவியர் நளினி மலானியும் அந்தப் பட்டறையில் வேலை செய்தார். அதே நளினி மலானி எழுபது வயதைத் தாண்டிய பிறகு ஐபேடில் விரலால் வரைந்த 88 அனிமேஷன்கள் 2020-இல் லண்டன் வைட்சேப்பல் காலரியில் சுவர் முழுக்க ஓடின. ஒரே மனிதரின் கையில் பிலிமும் ஐபேடும். இருபதுகளில் செய்த சோதனை ஐம்பது வருடம் கழித்தும் பலன் தருகிறது என்று செம்பூர் நண்பருக்குச் சொல்ல விரும்புகிறேன்.

கடைசியாக ஒன்று, இதுதான் நான் எழுத வந்த காரணம். பதம்சீயின் இரண்டாவது படத்துக்கு ஒரே ஒரு பிரதிதான் இருந்தது. அது தொலைந்துபோனது. பல ஆண்டு கழித்து, வயதான காலத்தில், நினைவிலிருந்து மறுபடி உருவாக்க முயன்றார். லேபில் இருந்தவனுக்கு இதைக் கேட்டால் வயிறு எரியும். உங்கள் மாணவர்களின் படங்களை எங்கே வைத்திருக்கிறீர்கள், டீச்சர்? அவர்கள் போனிலா? போன் உடைந்தால்?

வெள்ளைத்திரை | புதன், மாலை 6:45

ஐயா, அவர்கள் போனில்தான். இன்றே ஒரு ஹார்ட் டிஸ்க் வாங்குகிறேன். இரண்டு. ஒன்று கல்லூரியில், ஒன்று என் வீட்டில்.

சாளரக்கம்பி | புதன், இரவு 10:50

நான் மேடத்தின் வகுப்பில் இப்போது படிக்கும் மாணவி. இந்த இழையை மேடமே வகுப்பில் சொன்னார், அதனால் எழுதலாம் என்று நினைக்கிறேன்.

இரண்டாவது வாரத்தில் மேடம் லோக்கல் ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்து, ஜன்னல் கம்பியின் நிழல் உள்ளே இருப்பவர்கள்மேல் எப்படிப் போகிறது என்று பார்க்கச் சொன்னார். நான் பார்த்தேன். வண்டி ஓடும்போது கம்பி நிழல் அசைவதே இல்லை. வெயில் ஒரே பக்கமிருந்து வரும்வரை அப்படியே ஒருவர் முகத்தில் நிற்கிறது. தண்டவாளம் வளையும்போது மட்டும் நிழல் மெதுவாக மூக்கிலிருந்து காதுக்கு நகர்கிறது. வேகமாகப் போவது வெளியே இருக்கும் மின்கம்பங்களின் நிழல். அது ஒரு படம்கூட நிற்காமல் எல்லோர் மேலும் ஒரே வெட்டாகப் போய்விடுகிறது. ஒரே பெட்டியில் இரண்டு வகை நேரம் இருக்கிறது என்று எழுதிக் கொடுத்தேன். இப்போது அதைத்தான் படமாகச் செய்கிறேன். வீடியோவின் 48 பிரேம்களை ஜெராக்ஸ் எடுத்து, மேலே கரியால் வரைந்து, அழித்து, திரும்ப ஸ்கேன் செய்கிறேன். ஜெராக்ஸ் கடைக்காரர் அண்ணா ஒரு தாளை ஓடும்போது இழுத்துக் காட்டினார். முகம் நீண்டு வந்தது. அதையும் சேர்த்துக்கொண்டேன்.

கேட்க வந்தது வேறு. எங்கள் வகுப்பில் ஒருவர் முதல் வேலையை ஏஐயில் எழுதிக் கேட்டு வாங்கிச் சமர்ப்பித்துவிட்டார். பார்க்க எங்கள் எல்லோருடையதையும்விட அழகாக இருந்தது. மேடம் திட்டவில்லை. ஆனால் அன்றிலிருந்து எங்களில் பலருக்கு, இவ்வளவு மெனக்கெட வேண்டுமா என்று மனதுக்குள் ஓடுகிறது. எனக்கும் ஓடுகிறது. அதை மறைக்க விரும்பவில்லை.

கோரேகாவ்காரன் | புதன், இரவு 11:30

தங்கை, நேர்மையாகக் கேட்டதற்கு நன்றி. ஸ்டுடியோவில் நாங்களும் இதைத்தான் தினமும் பேசிக்கொண்டிருக்கிறோம். வேலைகள் மாறுகின்றன, சில வேலைகள் போகின்றன. பயம் இல்லை என்று சொன்னால் பொய்.

ஆனால் போன மாதம் நடந்ததைச் சொல்கிறேன். ஒரு விளம்பரத்துக்கு ஏஐ வீடியோ ஒன்றை வாடிக்கையாளரே அனுப்பி, "பாத்திரம் வைக்கும்போது இன்னும் கொஞ்சம் கனமாக இருக்க வேண்டும்" என்றார். மறுபடி மறுபடி எழுதிக் கேட்டும் கனம் வரவில்லை. கனம் என்பது எத்தனையாவது பிரேமில் தோள் இறங்குகிறது, பாத்திரம் மேசையைத் தொட்ட பிறகு கை எத்தனை பிரேம் அங்கேயே இருக்கிறது என்பது. அதை எழுதிக் கேட்கவாவது தெரிந்திருக்க வேண்டும் இல்லையா? எங்கள் குழுவில் ஒரு பெண் உட்கார்ந்து நான்கு பிரேமை நிறுத்தி வைத்தாள். முடிந்தது. அவள் படித்தது சிற்பம்.

மேடம், மூன்று வாரம் என்று சொன்னதைத் திரும்பப் பெறுகிறேன். ஐந்தே இருக்கட்டும். ஆனால் கோப்புப் பெயரையும் பிரேம் கணக்கையும் முதல் வாரத்திலிருந்தே பழக்குங்கள். நாணயப் படங்களுக்கே ஒழுங்காக எண் போட்டு வைக்கட்டும்.

புள்ளியும் கோடும் | வியாழன், காலை 7:15

மதிப்பெண் கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை. நான் செய்வதைச் சொல்கிறேன். முடித்த படத்தோடு கூடவே, தூக்கிப் போட்ட முயற்சிகளில் மூன்றைக் கேட்பேன். ஏன் போட்டீர்கள் என்று ஒவ்வொன்றுக்கும் இரண்டு வரி. அந்த ஆறு வரியில் மாணவர் எவ்வளவு பார்த்திருக்கிறார் என்பது வெளியே வந்துவிடும். ஏஐயில் வாங்கியவரிடம் தூக்கிப் போட்ட மூன்று இருந்தால், அவற்றை ஏன் போட்டார் என்று சொல்லத் தெரிந்தால், அதையும் மதிக்கத்தான் வேண்டும் என்பது என் எண்ணம். இதில் உங்களுக்கு வேறு கருத்து இருக்கலாம்.

நான்காம் ஈடு | வியாழன், காலை 7:40

என் ஆசிரியர் எனக்கு அதிக மதிப்பெண் போட்டது கடைசிப் படத்துக்கு இல்லை. நான் குறித்துக்கொண்டு போன தாளுக்கு. எண்ணெய்க் கறை படிந்த தாள். இன்னும் வைத்திருக்கிறேன்.

வெள்ளைத்திரை | வியாழன், இரவு 9:20

இன்று துறைத் தலைவரைப் பார்த்தேன். "வேலையின் நேர்த்தி" 40-ஐ மாற்ற முடியாது, அது பல்கலைக்கழகப் படிவம் என்றார். ஆனால் நேர்த்தி என்றால் என்ன என்பதை ஆசிரியர் எழுத்தில் கொடுக்கலாம் என்றார். அதனால் எழுதிக் கொடுத்தேன்: மாணவர் தேர்ந்தெடுத்த அசைவை எவ்வளவு உன்னிப்பாகப் பார்த்தார், பார்த்ததற்கு ஏற்ற இடைவெளியைக் கண்டுபிடித்தாரா, தள்ளிவிட்ட முயற்சிகளை விளக்க முடிகிறதா. படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். 40 மதிப்பெண்ணும் அதற்குள் வந்துவிட்டது. கோடு நடுங்கினாலும் நேர்த்தி இருக்கலாம் என்று ஒரு வரியும் சேர்த்திருக்கிறேன்.

ஏஐ விஷயத்தில் நண்பரோடு பாதிதான் உடன்படுகிறேன். நிரலைப் பொருளாகக் கையாள்வதும், கேட்டு வாங்குவதும் ஒன்று என்று எனக்குத் தோன்றவில்லை. நிரலில் தவறு செய்தால் எங்கே தவறு என்று மாணவர் தேடிப் போகிறார். தேடும்போதுதான் பார்க்கிறார். கேட்டு வாங்குவதில் அவர் மறுபடி கேட்கிறார். இளநிலையில், முதல் முறை கற்கும்போது, அந்தத் தேடலை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். நான்காமாண்டில் அவர்கள் விருப்பம்.

அடுத்த பருவத்திலிருந்து வகுப்பை இப்படி மாற்றுகிறேன். ஐந்து வாரம் அப்படியே இருக்கும். ஆனால் இரண்டாவது வாரம் பிரேம் கழித்தல் வரும், மூன்றாவது வாரம் கோலம். புள்ளியும் கோடும் நண்பர் அந்த இரண்டு நாளும் வகுப்புக்கு வர முடியுமா? பயணச் செலவு தவிரக் கல்லூரியால் வேறு எதுவும் தர இயலாது.

சாளரக்கம்பி, நீ "அவ்வளவு மெனக்கெட வேண்டுமா" என்று கேட்டாயே. நீ எழுதிக் கொடுத்த "ஒரே பெட்டியில் இரண்டு வகை நேரம்" என்ற வரியை என் மேசைக்கு மேல் ஒட்டி வைத்திருக்கிறேன். பதினைந்து வருடமாக அந்த ரயிலில் போகிறேன், கம்பி நிழல் நிற்கும் என்று எனக்குத் தெரியாது.

இந்தப் பருவத்தின் பதினான்காவது வாரம், மாணவர் படங்களின் காட்சி. கல்லூரி அரங்கம் வேறு நிகழ்ச்சிக்குப் போய்விட்டது. வெளியில் ஒரு வெள்ளைச் சுவர் கிடைத்தால் போதும். யாருக்காவது இடம் தெரியுமா?

நான்காம் ஈடு | வியாழன், இரவு 9:55

எங்கள் சந்தில் குடோன் சுவர் ஒன்று இருக்கிறது டீச்சர், போன பொங்கலுக்குத்தான் சுண்ணாம்பு அடித்தார்கள். எட்டு மணிக்கு மேல் வண்டி வராது. அப்பாவிடம் கேட்டுவிட்டேன், மின்சாரம் எங்கள் கடையிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். ஒன்பதரைக்குள் முடித்துவிட வேண்டும், மூன்று மணிக்கு அடுப்புப் பற்ற வைப்பார்கள்.

பழைய பிரிண்ட் | வியாழன், இரவு 10:10

வருகிறேன். எனக்கு ஒரு நாற்காலி மட்டும் போட்டு வையுங்கள்.

செம்பூர் அப்பா | வியாழன், இரவு 10:30

மகளோடு வருகிறேன். எத்தனை பேர் வருவார்கள் என்று சொன்னால் காபி கொண்டுவருவது என் பொறுப்பு.

கோரேகாவ்காரன் | வியாழன், இரவு 11:05

புரொஜெக்டர் என்னிடம் இருக்கிறது. சுவருக்கும் கடைக்கும் எவ்வளவு தூரம் என்று அளந்து சொல்லுங்கள் தம்பி, அதற்கேற்ற வயர் எடுத்துவருகிறேன். எல்லாப் படங்களையும் நொடிக்கு 24 பிரேமாகவே கொடுக்கச் சொல்லுங்கள் மேடம். 12 படம் வரைந்தவர்கள் ஒவ்வொன்றையும் இரண்டு முறை வைக்கட்டும்.